பெட்டிப் புராணம்

காப்பு

புராணம் என்றால் பிள்ளையாரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. புதுச்சேரியின் சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டு வட்டாரத்தில் ஏதாவது ஒரு கோயிலில் சாயங்கால தீபாராதனைக்குப் போய் நில்லுங்கள். எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். எதில் நுழைந்தாலும் பெரும்பாலும் கதை இதுதான். சன்னதிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு முரசு, இரண்டு மணி, ஒரு ஜோடி ஜால்ரா. கீழே ஒரு மோட்டார், மோட்டாரையும் முரசையும் இணைக்க ஒரு பெல்ட். ஐயர் வலக்கையில் தட்டைத் தூக்கியபடியே இடக்கையால் சுவிட்சைத் தட்டுவார். டமடம, டங்டங், சல்சல். வாசிக்க ஆளே இல்லை. மங்கள வாத்தியம் முழங்குகிறது.

தொழிற்பேட்டையில் எல்லா ஷெட்டும் ஒன்றாக ஓடும் வேளையில் வோல்டேஜ் இறங்கும். மேளமும் கூடவே விளம்ப காலத்துக்கு இறங்கும். ஐயரின் தட்டும் மெதுவாகச் சுற்றும். கும்பிட்ட கைகள் வலிக்கத் தொடங்கும். எங்கோ ஒரு மிஷினை நிறுத்துவார்கள், வோல்டேஜ் எகிறும், மேளம் துரித காலத்தில் பறக்க, ஐயர் திருநீற்றைக் கிட்டத்தட்ட வீசிவிட்டுப் போவார். ஆக, எங்கள் பக்கத்துச் சாமிக்குத் தாளம் போடுவது மின்துறைதான்.

முன்பு அந்த இடத்தில் நின்ற மேளக்காரர் மனிதர். அவருக்குச் சளி பிடிக்கும், மகளுக்குக் கல்யாணம் வரும், சம்பள பாக்கி நினைவுக்கு வரும். மோட்டாருக்கு இதெல்லாம் கிடையாது. அது போதாதென்று "உபயம்" என்று கொட்டை எழுத்தில் பேர் எழுதிக்கொள்ள இரும்புச் சட்டத்தில் இடமும் உண்டு. மேளக்காரரின் முதுகில் அப்படி எழுத முடியுமா?

இந்த மோட்டார் மேளத்தை யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். அதற்கு இருநூறு ஆண்டு வம்சாவளி உண்டு. அந்த வம்சத்தில் இன்று பட்டத்தில் இருப்பவருக்கு ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரி என்று பேர். ஒரு பெரிய கூடத்தில் நிஜமான வயலின்காரர்களையும் குழல்காரர்களையும் உட்கார வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல, உரக்க, நீட்டி, வெட்டி வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் போதும், பதினாறு வயலின் பாடும். எங்கள் ஊரில் ஒரு தம்பி பகலில் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர், இரவில் சிம்பொனி கம்போசர். அவன் அறையில் எண்பது வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது.

இந்த அதிசயம் எப்படி நிகழ்ந்தது என்று நைமிசாரண்யத்து முனிவர்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மெல்ட்செல் படலம்

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்கில் 1772இல் அவதரித்தவர் யோஹன் மெல்ட்செல். இசைக் குடும்பம், கைவேலையில் கெட்டிக்காரர், வாய்வேலையில் அதைவிடக் கெட்டிக்காரர். வியன்னாவுக்கு வந்து பான்ஹார்மோனிகான் என்று ஒரு ராட்சதப் பெட்டி செய்தார். உள்ளே துருத்தி, முள் பதித்த உருளை ஒன்று சுற்றும், எக்காளம், குழல், கிளாரினெட், முரசு எல்லாம் தானாக முழங்கும். ஒரு ராணுவ பேண்டை முழுசாக அலமாரியில் அடைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட முதல் சாதனையாளர் அவர்.

பெட்டி தயார். அதில் வாசிக்கப் பாட்டு வேண்டுமே? மெல்ட்செல் யாரைப் பிடித்தார் தெரியுமா? பீத்தோவனை. அப்போது பீத்தோவனுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. காதுக்குழல் செய்துகொடுத்தவர் இதே மெல்ட்செல். காதுக்கு மருத்துவம் பார்க்கிறவர் பாட்டுக் கேட்டால் எப்படி மறுப்பது? 1813 ஜூனில் ஸ்பெயினின் விட்டோரியாவில் நெப்போலியனின் அண்ணன் படையை வெல்லிங்டன் விரட்டியடித்திருந்தார். ஐரோப்பாவெங்கும் கொண்டாட்டம். "அந்தச் சண்டையை என் பெட்டிக்குப் பாட்டாக எழுதுங்கள், லண்டனுக்குப் போய்க் காசு பார்க்கலாம்" என்றார் மெல்ட்செல். பீத்தோவனும் எழுதினார்.

இங்கேதான் விதி சிரித்தது. லண்டனுக்குப் போக வழிச்செலவுக்குக் காசில்லை. காசு சேர்க்கக் கச்சேரி வைக்க வேண்டும். கச்சேரிக்குப் பெட்டி போதாது, நிஜ மனிதர்கள் வேண்டும். பெட்டிக்காக எழுதிய பாட்டை மெல்ட்செலின் யோசனைப்படியே மனிதர்களுக்காக மாற்றி எழுதினார்கள். 1813 டிசம்பர் 8 அன்று வியன்னாவில் அரங்கேற்றம். மேடைக்குப் பின்னால் முரசு, பீரங்கிச் சத்தத்தை நடத்தியவர் சலியேரி. முரசு அடித்தவர்களில் ஒருவர் பிற்பாடு ஒபேராவில் கொடிகட்டிப் பறந்த மேயர்பீர். அவர் ஒரு அடியையாவது நேரத்துக்கு அடித்தாரா என்று பீத்தோவன் பின்னாளில் அலுத்துக்கொண்டாராம். மோட்டார் மேளத்தை விற்பவர்கள் அன்று இருந்திருந்தால் அந்த மேடையிலேயே ஆர்டர் பிடித்திருப்பார்கள்.

கச்சேரி அமோக வெற்றி. வெற்றியென்றால் அடுத்து வழக்குதானே. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். எழுதியவருக்கா, பெட்டி செய்தவருக்கா என்ற அந்தத் தகராறு அப்போதே ஆரம்பமாகிவிட்டது. கடைசியில் 1817இல் சமாதானமாகி, செலவை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

மெல்ட்செலிடம் இன்னொரு பெட்டியும் இருந்தது. கெம்பலன் என்பவர் செய்து வைத்துவிட்டுப் போன சதுரங்க இயந்திரம். தலைப்பாகை கட்டிய துருக்கிப் பொம்மை ஒன்று எதிரே உட்கார்ந்து காய் நகர்த்தும். 1809இல் நெப்போலியனே அதனோடு ஆடித் தோற்றிருக்கிறார். ரகசியம் இவ்வளவுதான்: பொம்மையின் மேஜைக்குள் கெட்டிக்கார ஆட்டக்காரர் ஒருவர் மடங்கி உட்கார்ந்திருப்பார். மெழுகுவர்த்தி வெளிச்சம், மூச்சு முட்டும் புழுக்கம், மேலே கைதட்டல்.

இந்தப் புராணத்தின் மூல மந்திரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எந்த அதிசயப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஓர் ஆள் மடங்கி உட்கார்ந்திருப்பார். சௌகரியம் என்பது அவரை மறைத்து வைக்கும் வித்தை.

ஆர்மோனியப் படலம்

1842இல் பாரிஸில் அலெக்ஸாந்த்ர் டெபேன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆர்மோனியத்துக்கு உரிமம் வாங்கினார். தேவாலயத்தில் பெரிய ஆர்கன் வைக்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு சின்ன மாற்று. அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் அதன் காலை வெட்டிக் கைத்துருத்தியாக்கி, தரையில் சம்மணமிட்டு வாசிக்கும்படி செய்தார். நாற்காலியில் உட்கார்ந்து வந்த துரையைப் பாயில் உட்கார வைத்த முதல் சுதேசிப் போராட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் புதுச்சேரிக்கும் இந்தப் படலத்தில் பங்கு உண்டு. நாடகக் கம்பெனிகளில் ஆர்மோனியக்காரர்தான் மேடைக்குக் கீழே உட்கார்ந்த மகாராஜா. ராஜபார்ட்டின் கட்டை தெரிந்து சுருதி கொடுப்பார், மறந்த வரியை எடுத்துக் கொடுப்பார், பிடிக்காத நடிகரை அரைக்கட்டை ஏற்றிக் கழுத்து நரம்பு புடைக்க வைப்பார். அந்த மேடைகளுக்கெல்லாம் ஆசானான சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது புதுச்சேரியில்தான். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அதே புதுச்சேரியில் 1908 முதல் பத்தாண்டு குடியிருந்த பாரதியாரோ தம் சங்கீதக் கட்டுரையில் ஆர்மோனியத்தை ஒரு பிடி பிடித்திருக்கிறார். ஒரே ஊர் மண்ணில் ஒரு பெட்டிக்குப் பூஜையும் நடந்தது, அர்ச்சனையும் நடந்தது.

குற்றச்சாட்டு என்ன? சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிப்போக ஆர்மோனியத்தால் முடியாது. கமகம் வராது. கட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுரம். 1940இல் அகில இந்திய வானொலி அதை நிலையத்துக்குள் விடமாட்டேன் என்று கதவைச் சாத்தியது. ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துத்தான் கதவு கொஞ்சமாகத் திறந்தது. இதற்குள் வேடிக்கை நடந்துவிட்டது. எந்த வானொலி ஆர்மோனியத்தை வெளியே நிறுத்தியதோ, அதே வானொலி பிற்பாடு விடிய விடிய ஒலிபரப்பிய சினிமாப் பாட்டுகள் பிறந்தது ஆர்மோனியத்தின் முன்னால்தான். எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுப் போட்டதும் அதில்தான். இளையராஜாவின் விரல் இன்றும் தேடுவது அதைத்தான். கமகம் வாசிக்காத பெட்டியிலிருந்து கமகம் வழியும் மெட்டு எப்படி வந்தது? மெட்டு வந்தது பெட்டியிலிருந்து இல்லை. பெட்டி சுட்டிக்காட்டிய இடத்திலிருந்து வாய் புறப்பட்டுப் போனது; வாய்க்குள் கேள்வி ஞானம் இருந்தது.

நாடாப் படலம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹாரி சேம்பர்லின் என்பவர் 1940களின் கடைசியில் ஒரு காரியம் செய்தார். வாத்தியக்காரர்களைத் தனித்தனி சுரமாக வாசிக்கவிட்டு டேப்பில் பிடித்து, கட்டைக்கு ஒரு நாடா வீதம் ஒரு பெட்டியில் கோத்துவிட்டார். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். விட்டால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். கோடையில் மாங்காய் அரிந்து ஜாடியில் போட்டுவைக்கும் அதே புத்திதான். ஊறுவது மட்டும் வயலின்.

சேம்பர்லினிடம் பில் ஃப்ரான்சன் என்று ஒரு விற்பனையாளர் இருந்தார். விசுவாசமானவர், 1962இல் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முதலாளிக்குச் சொல்லாமல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பர்மிங்காமில் பிராட்லி சகோதரர்களிடம் "இதே மாதிரி செய்து தர முடியுமா?" என்று கேட்டார். அவர்கள் இவருடைய கண்டுபிடிப்புதான் என்று நம்பி, 1963இல் இன்னும் திருத்தமாகச் செய்து மெல்லோட்ரான் என்று பேர் வைத்துவிட்டார்கள். பிறகு சேம்பர்லினுக்குத் தெரிந்து, பஞ்சாயத்து நடந்து, பணம் கைமாறியது. சாம்பிள் என்ற கலையின் முதல் சாம்பிளே அடுத்தவர் பெட்டிதான்.

அந்த நிறுவனத்தில் பணம் போட்டவர்களில் ஒருவர் எரிக் ராபின்சன், இசைக்குழு நடத்துபவர். இன்னொருவர் டேவிட் நிக்சன், மேஜிக் நிபுணர். ஆட்களை வைத்து வாசிப்பவரும் ஆட்களை மறைய வைப்பவரும் கூட்டுச் சேர்ந்தால் வேறென்ன தொழில் நடக்கும்? பிரிட்டிஷ் வாத்தியக்காரர்கள் சங்கம் கொதித்தது.

ஆனால் அந்த நாடா எட்டு விநாடிதான் ஓடும். எட்டு விநாடிக்கு மேல் வயலின் துக்கப்பட்டால் பெட்டி மௌனமாகிவிடும். அதனால் வாசிப்பவர் எட்டு விநாடிக்குள் விரலை மாற்றி மாற்றிப் பிடித்து ஒரு தனி வித்தையையே உண்டாக்க வேண்டியிருந்தது. சௌகரியத்துக்கு வாங்கிய பெட்டிக்கு ஒரு புதுச் சாதகம்! 1967இல் பீட்டில்ஸ் ஒரு பாட்டின் தொடக்கத்தில் அந்தத் தளும்பலான குழலை வைத்தார்கள். நிஜக் குழலாக ஏமாற்ற வந்த சத்தம், பொய்யாகவே அழகாக இருந்தது.

1979இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஃபேர்லைட் என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். எந்தச் சத்தத்தையும் உள்ளே வாங்கிக் கட்டைகளில் பரப்பித் தரும். விலைக்கு ஒரு வீடு வாங்கலாம். அதனோடு வந்த சத்தங்களில் ஒன்று, ஸ்ட்ராவின்ஸ்கி 1910இல் எழுதிய பாலே ஒன்றின் இசைத்தட்டிலிருந்து கிள்ளியெடுத்த ஒரே ஒரு "ஜாங்!". அந்த ஒற்றை ஜாங் எண்பதுகளில் உலகத்துப் பாட்டுகளிலெல்லாம் விழுந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிய மற்ற சுரங்கள் எல்லாம் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தன.

கோடம்பாக்கப் படலம்

இனி நம் பக்கம். காலை ஏழு மணி கால்ஷீட் என்றால் ஏழு மணிதான். ஸ்கூட்டர் முன்பக்கம் வயலின் பெட்டி, பின்பக்கம் செல்லோக்காரர், செல்லோவுக்குத் தனி ஆட்டோ. கர்நாடக சங்கீதக்காரர், கோவாக்காரர், ஆங்கிலோ இந்தியர் எல்லோரும் ஒரே ஹாலில். எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். கடைசிப் பல்லவியில் மூன்றாவது வரிசை வயலினில் ஒரு வில் சறுக்கினால் "ஒன் மோர்". பாடகர் முறைப்பார், டைரக்டர் வாட்சைப் பார்ப்பார், சறுக்கிய வில்லின் சொந்தக்காரர் கூரையைப் பார்ப்பார். இவர்களுக்குச் சங்கம் கட்டிக்கொடுத்தவர் எம்.பி. சீனிவாசன், அவரே இசையமைப்பாளர் என்பதால் கூலி கேட்பதிலும் சுருதி பிசகவில்லை.

விஸ்வநாதன்-ராமமூர்த்தி 1964இல் "புதிய பறவை"யில் சிவாஜிக்காக ஒரு பாட்டுக்கு வாத்தியப் பட்டாளத்தையே இறக்கினார்கள். ஹாலில் உட்கார இடமில்லாத அளவு கூட்டம் என்று கதை இன்றும் ஓடுகிறது. வருஷத்துக்கு வருஷம் அந்தக் கதையில் வயலின்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

1976இல் "அன்னக்கிளி". மயிலாப்பூர் சாய் லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை எழுதப் படித்துவிட்டு வந்தவர் இளையராஜா. காலையில் வந்து காகிதத்தில் நேராக முழு ஸ்கோரையும் எழுதுவார். முதல் வயலினுக்கு இது, செல்லோவுக்கு இது, குழலுக்கு எட்டாவது பாரில் நுழைவு. பார்ட் எழுதி வாங்கியவர்களுக்குத் தங்கள் வரி மட்டும் தெரியும். பாட்டு என்னவென்று சேர்ந்து வாசிக்கும்போதுதான் தெரியும். சாம்பிள் லைப்ரரி அப்போதே இருந்தது. அவர் தலைக்குள் இருந்தது. லைசன்ஸ் யாருக்கும் தரவில்லை.

அவர்தான் பெட்டியை விரட்டியிருப்பார் என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1986இல் "புன்னகை மன்னன்" படத்தில் யமஹா கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வேலை வாங்கியவரும் அவர்தான். அதே ஆண்டில் "ஹவ் டு நேம் இட்" என்ற இசைத்தொகுப்பு. அதில் வி.எஸ். நரசிம்மனின் நிஜ வயலின், நிஜ வில், பாக்கும் தியாகராஜரும் திண்ணையில் பேசிக்கொள்கிற நெருக்கம். ஒரே ஆளின் ஒரு கையில் கம்ப்யூட்டர், இன்னொரு கையில் வில். இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்சி கட்டிக்கொண்டு டீக்கடையில் சண்டை போட்டவர்கள் ரசிகர்கள்தான்.

அந்தக் காலத்தில் கீபோர்டு வாசிக்க வந்துபோன பையன்களில் ஒருவர் திலீப். அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் பட இசையமைப்பாளர். 1976இல் அவர் போனபோது பையனுக்கு ஒன்பது வயது. அப்பா வைத்துவிட்டுப் போன கீபோர்டுகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. மற்ற வீடுகளில் பெட்டி சௌகரியம். அந்த வீட்டில் பெட்டிதான் அரிசி. பிறகு அதே பையன் பலருக்கும் வாசித்து, விளம்பரங்களுக்கு இசை போட்டு, 1992இல் "ரோஜா" வழியாக ஏ.ஆர். ரஹ்மானாக வந்தார். வீட்டோடு ஸ்டூடியோ, ராத்திரி வேலை, கம்ப்யூட்டர் அடுக்குகள்.

அதைப் பார்த்த மற்றவர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள், தப்பான பாடம். "ஓ, பெட்டி இருந்தால் போதும் போலிருக்கிறது." ரஹ்மான் பெட்டிக்குள் போகுமுன் பத்தாண்டுக்கும் மேலாக வாத்தியக் கும்பலின் நடுவே உட்கார்ந்து கேட்டவர் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தொண்ணூறுகளில் கோடம்பாக்கத்து வயலின் வரிசைகளுக்குக் கால்ஷீட் மெலிந்தது. டியூஷன் எடுத்தவர்கள் உண்டு, கச்சேரிக்குப் போனவர்கள் உண்டு, வயலினைப் பரணில் வைத்தவர்கள் உண்டு. கூத்தின் உச்சம் என்னவென்றால், கம்ப்யூட்டரைக் காட்டி எல்லோரையும் மிரள வைத்த அதே ரஹ்மான் 2008இல் கே.எம். இசைப் பள்ளியைத் தொடங்கி, பிள்ளைகளுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

வியன்னாப் படலம்

மறுபடியும் வியன்னா. அந்த ஊருக்குப் பெட்டி ராசி. ஹெர்ப் டுக்மாண்டல் என்ற செல்லோக்காரர், சினிமா இசைக்காக அன்றைக்குக் கிடைத்த சாம்பிள்களைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, நானே செய்கிறேன் என்று 2000இல் இறங்கினார். வியன்னா சிம்பொனிக் லைப்ரரி பிறந்தது. வாத்தியக்காரர்களை ஒழிக்கும் பெட்டியைச் செய்தவர் வாத்தியக்காரர். இந்த வம்சத்தில் இது வழக்கம்தான்.

அவர் என்ன வேலை செய்தார் என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வயலினில் ஸவிலிருந்து பவுக்குப் போகும்போது இரண்டு சுரத்தைவிட நடுவே இருக்கும் அந்தச் சின்ன வழுக்கல்தான் உயிர். அதையும் பதிவுசெய்ய வேண்டும். மூன்று ஸ்தாயி என்றால் 36 சுரம். ஒவ்வொன்றிலிருந்தும் மேலே 12, கீழே 12 தாவல். பெருக்கினால் 864. மெல்ல, நடுத்தரம், உரக்க என்று மூன்று தினுசு: இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. இது ஒரே வாத்தியத்துக்கு, ஒரே பாணிக்கு. யாரோ ஒரு கலைஞர் அரவமே இல்லாத அறையில் உட்கார்ந்து, பாட்டே இல்லாமல், "ஸ-ரி", "ஸ-க", "ஸ-ம" என்று நாள்கணக்கில் வாசித்திருக்கிறார். துருக்கிப் பொம்மையின் மேஜைக்குள் இருந்தவராவது ஆட்டத்தின் முடிவைப் பார்த்தார்.

இன்னொரு சங்கடமும் வந்தது. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால், வேகமான இடங்களில் வயலின் வாசிப்பது போய் மிஷின்கன் சுடுகிற சத்தம் வரும். ஏன்? மனிதன் ஒரே சுரத்தை இரண்டு முறை ஒரே மாதிரி வாசிக்கவே மாட்டான். எனவே ஒவ்வொரு சுரத்தையும் பலமுறை பதிவுசெய்து மாற்றி மாற்றி ஒலிக்க வைத்தார்கள். இதற்கு "ரவுண்ட் ராபின்" என்று பேர். அதோடு கம்ப்யூட்டரில் "ஹியூமனைஸ்" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் சுரங்கள் லேசாக முன்னே பின்னே தள்ளிப்போகும்.

நன்றாகக் கவனியுங்கள். மூன்றாவது வரிசையில் வில் சறுக்குகிறது, நேரம் முன்னே பின்னே போகிறது, ஒரு தரம் வாசித்த மாதிரி மறுதரம் வாசிப்பதில்லை என்று சொல்லித்தான் வாத்தியக்காரரை வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது அந்தச் சறுக்கலையும் தள்ளாட்டத்தையும் மாறாட்டத்தையும் தனித்தனியாக விலை கொடுத்து வாங்குகிறோம். அவரோடு சேர்த்து வாங்கியிருந்தால் ஒரு காபிச் செலவுதான் கூடுதல்.

சேதராப்பட்டுப் படலம்

2019இல் பிபிசி சிம்பொனி இசைக்குழுவை லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் வைத்து ஸ்பிட்ஃபயர் நிறுவனம் லைப்ரரியாக்கியது. அடுத்த ஆண்டே அதில் ஒரு சின்னப் பதிப்பை இலவசமாக விட்டார்கள். சுமார் 200 எம்பி. ஒரு ராத்திரி, எங்கள் ஊர்த் தம்பியின் செல்போன் ஹாட்ஸ்பாட் வழியாக, பிபிசி இசைக்குழு சேதராப்பட்டுக்கு வந்திறங்கியது. எல்லையில் ஆரத்தி இல்லை, பொன்னாடை இல்லை.

அவன் செய்த முதல் காரியம், வயலின் கூட்டம் என்று எழுதியிருந்த பேட்சைத் திறந்து, நான்கு விரலால் ஒரு கார்டு, அதாவது சுரக்கூட்டு, பிடித்தது. அறை அதிர்ந்தது. உடனே ஒரு குறும்படத்துக்கு இசை தயார். கதாநாயகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடக்கிறான். பின்னால் டக்கடக்க டக்கடக்க என்று செல்லோ, நாலு கொம்பு, ஜப்பானிய முரசு. பார்த்தவர்கள் டீயில் விஷம் இருக்கிறது என்றே நம்பினார்கள். டைரக்டருக்குப் பரம சந்தோஷம். அதற்கடுத்த வாரம் வில்லியனூர்ப் பையன் ஒருவனின் படம் வந்தது. அதில் கதாநாயகி ரேஷன் கடைக்குப் போகிறாள். அதே டக்கடக்க, அதே கொம்பு, அதே முரசு. இருவரும் ஒரே பிரீசெட்டின் ஒரே கட்டையைத்தான் அழுத்தியிருந்தார்கள்.

தம்பி சோர்ந்துபோய்த் தன் பாட்டை ஊர்ப் பெரியவர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினான். அவர் நாகஸ்வரக்காரர். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியம் வைத்திருப்பவர். சீவாளியை நாக்கால் நனைத்துக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. அந்தக் கொம்பு ஊதறவரு எங்க மூச்சு வுடறாரு?"

தம்பி திரையைப் பார்த்தான். கொம்பு இடைவெளியே இல்லாமல் அரை நிமிஷத்துக்கும் மேல் ஊதிக்கொண்டிருந்தது. நிஜ ஆளாக இருந்திருந்தால் ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். "இதுல ஆளு கிடையாது மாமா, கம்ப்யூட்டர்" என்றான். "ஊதுனது ஆளுதானே, அப்பால பெட்டியில போட்டாங்க?" என்றார் பெரியவர்.

அன்று ராத்திரி அவன் கொம்பின் வரியை வெட்டினான். மூச்சு விட இடம் வைத்தான். வைத்ததும் மெட்டுக்கே வாக்கியம் வந்தது. அப்புறம் வயலினைப் பார்த்தான். ஒரு கட்டைக்குப் பதினாறு வயலின் என்றால், நான்கு விரல் கார்டுக்கு அறுபத்து நான்கு வயலின். உலகத்தில் எந்த மேடையில் இத்தனை பேர் உட்காருகிறார்கள்? கார்டைப் பிரித்து, மேல் சுரத்தை முதல் வயலினுக்கு, அடுத்ததை இரண்டாம் வயலினுக்கு, கீழே வயோலாவுக்கு, அடியில் செல்லோவுக்கு என்று பங்கு போட்டான். சத்தம் பாதியானது, இசை இரண்டு மடங்கானது. பிறகு மாடுலேஷன் வீல் என்ற அந்தச் சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டி ஒவ்வொரு சுரத்துக்கும் ஏற்ற இறக்கம் போடத் தொடங்கினான். பத்து விநாடி இசைக்கு ஒரு மணி நேரம். நடுவில் கரண்ட் போனது, சேவ் செய்யவில்லை, மறுபடியும் முதலிலிருந்து. ஒரு கட்டையை அழுத்தினால் போதும் என்று விற்ற பெட்டி, அவனை விடியற்காலை வரை சாதகம் செய்ய வைத்துவிட்டது.

நடப்புச் சினிமாவிலும் இதுதான் நடக்கிறது. லைப்ரரியில் மாதிரி செய்து காட்டி டைரக்டரிடம் ஓகே வாங்கிவிட்டு, அதே ஸ்கோரை புடாபெஸ்டுக்கு அனுப்பி நிஜ மனிதர்களை வாசிக்கச் சொல்லி இணையத்தில் உட்கார்ந்து கேட்பது இன்று சாதாரணம். புடாபெஸ்டு நமக்குப் புதிதல்ல. 2005இல் இளையராஜா "திருவாசக"த்துக்கு அந்த ஊர் சிம்பொனிக் குழுவைத்தான் வாசிக்க வைத்தார். 2025 மார்ச் 8 அன்று, எண்பத்தொரு வயதில், லண்டனில் தன் முதல் சிம்பொனியான "வேலியன்ட்"டை அரங்கேற்றினார். காகிதத்தில் எழுதியது, மேடையில் மனிதர்கள் வாசித்தது. 1813இல் பெட்டிக்கு எழுதப்போன பீத்தோவனுக்குக் கடைசியில் கிடைத்ததும் அதுதான். இளையராஜாவுக்கு மேயர்பீர் ஒருவர்தான் குறை. அதையும் அவர் கொடுத்து வைத்தவர் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நூற்பயன்

இந்தப் பெட்டிப் புராணத்தைக் காதால் கேட்டோர் பிரீசெட் மயக்கம் நீங்கப் பெறுவர். கண்ணால் படித்தோர் கார்டைப் பிரித்து எழுதும் புத்தி பெறுவர். காசு கொடுக்காமல் கிராக் செய்த லைப்ரரியை இறக்கியோர் சகலவித வைரஸ்களும் கிட்டி, கம்ப்யூட்டரோடு முக்தியடைவர். முதல் கட்டையிலேயே "சூப்பர்" என்று மகிழ்ந்தோர்க்கு, அடுத்த வாரமே அந்த இசையை இன்னொருவர் படத்தில் இலவசமாகக் கேட்கும் பாக்கியம் சித்திக்கும். ஹியூமனைஸ் பொத்தானை நம்பியோர் குடிகாரக் குழலோசை கேட்டுத் தெளிவர். பெட்டிக்குள் மடங்கி உட்கார்ந்திருக்கும் ஆளை நினைத்து, அவர் மூச்சு விட ஒரு பார் காலியாக விட்டோர்க்கு நல்ல இசை வரும். டைரக்டரிடமிருந்து அட்வான்ஸும் வரும். பாக்கித் தொகைக்கு இந்தப் புராணம் பொறுப்பல்ல.